மார்கழி முதல் பாதியில் பிறக்க வேண்டும்

மகன் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடியைத் தாண்டிவிட்டானா? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மண்ணூரில் இப்படி ஒரு பையன் வளர்ந்தால் ஊரார் சொல்லும் யோசனை அதிகம் இல்லை. போலீசுக்கு அனுப்பு என்பார்கள். பரணில் இருக்கும் அண்டாவை எடுக்க இனி ஸ்டூல் வேண்டாம் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். பிறகு ஒருநாள் பி.இ.டி. சார் உங்களைக் கூப்பிட்டு, "பேஸ்கட்பால்ல விடுங்க சார், எங்கேயோ போயிடுவான்" என்பார். அந்த "எங்கேயோ" எங்கே என்று, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனில் தேடித்தேடி, கடைசியில் அமெரிக்காவின் கூடைப்பந்து லீகான என்பிஏவில் வந்து நிற்கும் அப்பாக்களுக்காகவே இந்த வழிகாட்டி.

ஆட்டத்தைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை. பந்தை எப்படித் தட்டுவது, எப்படி எம்பிப் போடுவது என்பதெல்லாம் சார் பாடு, பையன் பாடு. அப்பாவின் பாடு வயது. அதில் தவறினால் பையன் எட்டடி வளர்ந்தும் பிரயோஜனமில்லை.

சட்டம் சின்னதுதான். புது ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் ஆண்டுதோறும் ஜூன் மாதவாக்கில் நடக்கும். 30 அணிகள், இரண்டு சுற்று, கணக்குப்படி 60 இடங்கள். அதில் பெயர் வர, அந்தக் காலண்டர் ஆண்டு முடிவதற்குள் பையனுக்கு 19 நிறைய வேண்டும். அணி முதலாளிகளும் ஆட்டக்காரர் சங்கமும் 2005இல் போட்ட ஒப்பந்தத்தில் வந்த விதி; 2006 டிராஃப்ட்டில் இருந்து நடைமுறை. அமெரிக்காவிலேயே படித்தவன் என்றால் பள்ளி முடித்து ஒரு வருடமும் ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பையனுக்கு இந்த இரண்டாவது தொல்லை இல்லை. 22 ஆவதற்கு முன்பே வர ஆசைப்பட்டால் டிராஃப்டுக்கு 60 நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். பயம் வந்தால் வேட்புமனுவைப் போல வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். அதற்குக் கெடு, டிராஃப்டுக்கு 10 நாள் முன்பு வரை.

"காலண்டர் ஆண்டு முடிவதற்குள்" என்பதை இன்னொரு முறை படியுங்கள். பிறந்தநாள் டிராஃப்டுக்கு ஆறு மாதம் கழித்து வந்தாலும் சரி, டிசம்பர் 31 நள்ளிரவுக்குள் வந்துவிட்டால் போதும். ஆகவே முதல் அறிவுரை: மகனை டிசம்பரில் பெற்றுக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிரான்சின் விக்டர் வெம்பன்யாமா பிறந்தது 2004 ஜனவரி 4. ஏழடிக்கு மேல் உயரம். எல்லா அணிகளும் பெயரைத் தெரிந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. ஆனால் 2022 டிராஃப்ட்டில் அவர் பெயர் கிடையாது. அந்த ஆண்டு முடியும்வரை அவருக்குப் பதினெட்டுதான். நாலு நாள் முன்னதாகப் பிறந்திருந்தால் ஒரு வருடம் மிச்சம். 2023இல்தான் முதல் ஆளாகச் சான் அன்டோனியோவுக்குப் போனார். கூப்பர் ஃபிளாக் என்ற அமெரிக்கப் பையன் பிறந்தது 2006 டிசம்பர் 21. 2025 டிராஃப்ட்டில் 18 வயதிலேயே முதல் ஆள்.

ரெண்டு பேரும் மார்கழிப் பிள்ளைகள். ஒருவர் மார்கழி முதல் வாரம், மற்றவர் மூன்றாம் வாரம். நடுவில் ஆங்கிலப் புத்தாண்டு வந்து குறுக்கே படுத்துவிட்டது. மார்கழியில் நல்ல காரியம் கூடாது என்று கல்யாண மண்டபத்தையே பூட்டி வைக்கும் நாம், இந்த ஒரு காரியத்தை மட்டும் மாதத்தின் முதல் பாதிக்குள் முடித்துவிடுவது உத்தமம். லெப்ரான் ஜேம்ஸ் பிறந்ததும் டிசம்பர் 30தான். அவர் வந்த 2003இல் இந்த விதி இல்லை என்பது வேறு கதை. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தில் சிசேரியன் செய்துகொள்ளும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஜோசியரிடம் இந்த டிராஃப்ட் விஷயத்தையும் ஒரு வார்த்தை போட்டுவைத்தால் போதும்.

இங்கே ஒரு சிக்கல். அமெரிக்காவுக்கு டிசம்பர் ராசி என்றால், இந்தியாவுக்கு ஜனவரி ராசி. பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவு. சங்கப் போட்டிகளில் வேறு எண்கள். எங்கே போனாலும் பொதுவாக "ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும்" என்ற வரி இருக்கும். ஜனவரி 1இல் பிறந்தவன் தன் பிரிவில் மூத்தவன். அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவன் அவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் சின்னவன். பதின்மூன்று வயதில் ஒரு வருடம் என்பது நாலு அங்குல உயரம்கூட ஆகலாம். ஆகவே மண்ணூரில் இருந்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் போக ஜனவரியில் பிறக்க வேண்டும். அங்கிருந்து அமெரிக்கா போக டிசம்பரில் பிறக்க வேண்டும். ஒரே மகனை இரண்டு தேதியில் பெற முடியாது.

பெற முடியாதுதான், எழுத முடியும் என்று உங்கள் காதோரம் சொல்ல ஒருவர் வருவார். அவரைப் பற்றிப் பிறகு.

இந்த இடத்தில் நம் பரம்பரைப் பெருமையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். எலும்பை வைத்து வயது பார்ப்பதில் தமிழ்நாடு உலகுக்கு முன்னோடி. வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் ஹெட்மாஸ்டர். விரல் காதைத் தொட்டால் அஞ்சு வயசு, ஒண்ணாம் வகுப்பு. தொடவில்லையா, அடுத்த வருஷம் வா. தொட்டவுடன் தேதி கேட்பார். "ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வாரம், நல்ல மழை" என்று அம்மா சொல்ல, அவர் பள்ளி திறக்கும் நாளுக்கு ஐந்து வயது சரியாக நிறையும்படி மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தேதியைப் போடுவார். அந்தத் தலைமுறையில் பாதி ஊருக்கு ஒரே வாரத்தில் பிறந்தநாள் வருவது இப்படித்தான். உங்கள் அப்பாவின் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள்.

இப்போது அதே வேலையை எக்ஸ்ரே செய்கிறது. கை மட்டும் மாறிவிட்டது: இடது கை. உள்ளங்கையை விரித்துத் தட்டில் வைத்து, மணிக்கட்டும் விரல்களும் தெரிய ஒரே ஒரு படம். வளரும் பையனின் படத்தில் ஒவ்வொரு எலும்பின் நுனியிலும் ஒரு குட்டித் தொப்பி தனியாக நிற்கும். நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் வளர்ச்சி நடக்கும் இடம். வயது ஏற ஏற கோடு மெலிந்து, தொப்பி எலும்போடு ஒட்டிப்போகும். ஒவ்வொரு எலும்புக்கும் மார்க் போட்டுக் கூட்டி எலும்பு வயது சொல்வார்கள். டானர், ஒயிட்ஹவுஸ் என்ற இருவர் வகுத்த முறையின் மூன்றாம் பதிப்பு. சுருக்கமாக டிடபிள்யூ 3. கிரிக்கெட் வாரியம் பையன்களுக்குப் பார்ப்பது இதைத்தான். வயது மோசடிக்கு எதிராக மத்திய விளையாட்டு அமைச்சகம் 2010இல் கொண்டுவந்த விதிமுறையிலும் மருத்துவச் சோதனை உண்டு.

ஹெட்மாஸ்டரின் காதுச் சோதனையைப் போல இதுவும் ஏமாறும். ஆரோக்கியமான பையனுக்கே எலும்பு வயது நிஜ வயதில் இருந்து ஒரு வருடம் முன்னேயும் போகலாம், பின்னேயும் போகலாம். குண்டான பையனின் எலும்பு முந்தும். சரியான சாப்பாடு இல்லாதவன் எலும்பு பிந்தும். மகன் சாம்பியன் ஆக வேண்டுமென்று தினமும் பிரியாணி வாங்கிக் கொடுத்த அப்பாவை அந்த எலும்பே காட்டிக்கொடுக்கலாம். இன்னொன்று: பையன்களுக்குப் பதினாறரை வயதோடு இந்தக் கணக்கு முடிந்துவிடும். தொப்பிகள் ஒட்டிவிட்டால் மார்க் போட ஒன்றும் இல்லை. அதாவது என்பிஏ கேட்கும் 19க்கு வரும்போது எலும்பு மௌனம். பேசுவது காகிதம் மட்டும்.

காகிதத்தின் அருமை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டையோ ஒரகடமோ, எந்தக் கம்பெனிக் கேட்டிலும் முதல் கேள்வி வயதுதான். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 14க்குக் கீழ் உள்ளே விடக் கூடாது என்றது; 18 ஆகாதவனுக்கு வயதுக்கும் உடம்புக்கும் டாக்டர் சான்று கேட்டது; சந்தேகம் வந்தால் இன்ஸ்பெக்டர் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லலாம் என்றது. பிஎஃப் கணக்கில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று அலைந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பிறந்த தேதிக்கு ஆதாரை ஆதாரமாக ஏற்பதை 2024 ஜனவரியில் பிஎஃப் நிறுவனம் நிறுத்தியது. ஆதார் பிறந்த தேதிக்குச் சான்று ஆகாது என்று அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து இங்கே லைன் வீட்டில் குடியிருக்கும் குடும்பத்தின் பையனுக்கு இது இன்னும் ஒரு மடங்கு கஷ்டம்: காகிதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வேறு எழுத்தில், யாரோ ஒரு மாமாவின் பீரோவில்.

இனி அந்தக் காதோர ஆலோசகர். மாவட்டச் செலக்‌ஷன் நாளில் மைதானத்தைப் பார்க்காதீர்கள், சரிபார்க்கும் மேசையைப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர், எதிரே ஃபைலோடு ஒரு வரிசை. 14 வயதுக்கு உட்பட்டோர் வரிசையில் நிற்பவர்களில் ஒருவனுக்கு மேலுதட்டில் அன்று காலை பிளேடு பட்ட வெட்டு இருக்கும். அவன் சர்டிபிகேட் புத்தம் புதிதாக, லேமினேஷன் வாசனை போகாமல் இருக்கும். அனுபவசாலி அதிகாரி பிறந்த தேதியைப் பார்க்கவே மாட்டார். பதிவான தேதிக்குத்தான் கண் போகும். பிறந்து ஒன்பது வருடம் கழித்துப் பதிவான பையன் திடீரென்று ஜனவரி 1இல் பிறந்திருந்தால், அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பாவைத்தான் பார்ப்பார்.

ஆனாலும் ஏன் செய்கிறார்கள்? காரணம் பதக்கம் மட்டும் இல்லை. இரண்டு வயதைக் குறைத்தால் சின்னப் பிரிவில் இரண்டு வருடம் கூடுதலாக ஆடலாம்; விளையாட்டு விடுதியில் இடம்; பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீடு; அப்புறம் வேலை. சென்னையில் கூடைப்பந்து ஆடும் பையனுக்கு நிஜமான டிராஃப்ட் நியூயார்க்கில் நடப்பதில்லை; ரயில்வேயின் ஐசிஎஃப், ஐஓபி வங்கி போன்ற அணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பில் நடக்கிறது. ரயில்வேக்கு 18 முதல் 25 வரை, தளர்வு கிடையாது. குறைத்த இரண்டு வருடம் அங்கேயும் உதவும். முப்பத்தைந்து வருடம் கழித்து ரிட்டையர் ஆகும்போதும் இரண்டு வருடச் சம்பளமாக வந்து நிற்கும். என்பிஏ ஒப்பந்தம்கூட இவ்வளவு நீளம் இல்லை. இத்தனை பலன் வைத்துவிட்டு, பொய் சொல்லாதே என்று பையனுக்கு மட்டும் வகுப்பெடுப்பது ஒருவகை நாடகம்.

ஆனால் அமெரிக்கக் கனவு காண்பவர் இதைச் செய்தால் கணக்கு தலைகீழாகிவிடும். 19 நிறைய வேண்டிய இடத்துக்குப் போகிறவன் வயதைக் குறைத்தால், நிஜத்தில் 21இல் போய் வாசலில் நிற்பான். மாவட்டப் பதக்கத்துக்காகக் குறைத்த வயதை டிராஃப்டுக்காக யாரும் திருப்பித் தர மாட்டார்கள். பாஸ்போர்ட் ஆபீஸில் கேட்டுப் பாருங்கள்.

18 ஆவதற்குள் பையனை ஏதாவது ஐரோப்பிய கிளப்பில் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறீர்களா? உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா, 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு மாறுவதைப் பொதுவாக அனுமதிக்காது. விதிவிலக்கு உண்டு: பெற்றோர் கூடைப்பந்து சம்பந்தமில்லாத காரணத்துக்காக, உதாரணமாக வேலைக்காக, குடிபெயர்ந்தால் பிள்ளைக்கு அனுமதி கேட்கலாம். ஸ்ரீபெரும்புதூரில் கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்களுக்கு வரும் குடும்பங்கள் இந்த விதிக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அவர்கள் பையன் இங்கே வந்து ஆடலாம். நீங்கள் அங்கே போக வேண்டுமென்றால் கம்பெனி உங்களைக் கொரியாவின் உல்சானுக்கு மாற்ற வேண்டும். கான்ட்ராக்ட் ஆளை மாற்ற மாட்டார்கள். முதலில் நீங்கள் பர்மனென்ட் ஆகப் பாருங்கள். பையன் டிராஃப்ட் ஆவதைவிட அது கொஞ்சம் சுலபம்.

முன்மாதிரி வேண்டுமென்றால் சத்னாம் சிங் பமாரா. பஞ்சாபின் பல்லோ கே கிராமம். அப்பா விவசாயி, அவரும் நெடியவர். பிறந்தது 1995 டிசம்பர் 10. கவனித்தீர்களா, டிசம்பர்! கார்த்திகை என்றாலும் ஆண்டுக்குள் வந்துவிட்டது. லூதியானா அகாடமியில் ஆடி, 2010இல் 14 வயதில் உதவித்தொகையோடு புளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். அமெரிக்காவில் பள்ளி படித்ததால் அவர் "வெளிநாட்டுப் பையன்" கணக்கில் வரவில்லை. பள்ளிக்குப் பின் ஒரு வருடம் என்ற நிபந்தனை அவர் தலையிலும் விழுந்தது. அதே அகாடமியில் கூடுதலாக ஒரு வருடம் இருந்து அதைக் கழித்தார். 2015இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து டிராஃப்ட்டில் தேர்வான முதல் ஆள். 2005 விதிக்குப் பிறகு கல்லூரியும் இல்லாமல் வெளிநாட்டுக் கிளப்பும் இல்லாமல் பள்ளியில் இருந்து நேராகத் தேர்வான முதல் ஆளும் அவர்தான். வயதுச் சட்டத்தின் எல்லாக் கதவையும் சரியான நாளில் தாண்டியவர். என்பிஏவில் அதிகாரப்பூர்வமாக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. கீழ்நிலை லீக்கில் டெக்சஸ் லெஜண்ட்ஸுக்கு ஆடினார். 2020இல் ஊக்கமருந்து வழக்கில் இரண்டு வருடத் தடை. பிறகு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார்.

வயதுத் தகுதி என்பது வாசல் வரைக்கும்தான். அந்த வாசலை எதற்காக 19இல் வைத்தார்கள்? பையன்கள் முதிர்ச்சி அடைய வேண்டும் என்று பதில் வரும். லூக்கா டான்சிச் 16 வயதில் ரியல் மாட்ரிட்டின் பெரியவர்கள் அணியில் இறங்கினார்; 2018இல், டிராஃப்டுக்கு முன்பே, ஐரோப்பாவின் முதன்மைப் போட்டியான யூரோலீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கிவிட்டார். அவருக்கு முதிர்ச்சி வரட்டும் என்றா அமெரிக்கா காத்திருந்தது? அடுத்தவன் செலவில் பையனை இன்னும் ஒரு வருடம் பார்த்துவிட்டு வாங்கலாம் என்பதுதான் விஷயம். 2003இல் டார்கோ மிலிசிச் என்ற செர்பியப் பையனை, 18 நிறைந்து ஆறே நாளில், டெட்ராய்ட் இரண்டாவது ஆளாக எடுத்தது. கார்மெலோ ஆந்தனியும் டுவைன் வேடும் அவருக்குப் பின்னால்தான் போனார்கள். மிலிசிச் சோபிக்கவில்லை. முதலாளிகளுக்கு அப்படிப்பட்ட கசப்பு நிறைய. சங்கத்தில் இருக்கும் மூத்த ஆட்டக்காரர்களுக்கும் பதினெட்டு வயசுக்காரன் வந்து தன் இடத்தைப் பிடிக்காமல் இருப்பது நல்லதுதான். ஒரகடத்தில் 18 நிறைந்தவனை நைட் ஷிப்டில் நிறுத்த எந்த முதிர்ச்சியும் யாரும் கேட்பதில்லை.

மகன் 19ஐத் தவறவிட்டாலும் மனம் தளர வேண்டாம். 22 ஆகும் ஆண்டில் வெளிநாட்டு ஆட்டக்காரனுக்குத் தகுதி தானாக வந்துவிடும். விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, கையெழுத்து இல்லை. அதாவது வல்லம் சிப்காட்டில் இந்த நிமிடம் ஏதோ ஒரு லைனில் நட்டு முடுக்கிக்கொண்டிருக்கும், பந்தும் தட்டத் தெரிந்த அத்தனை இருபத்திரண்டு வயதுக்காரர்களும், அவர்களுக்கே தெரியாமல், என்பிஏ டிராஃப்ட்டில் தகுதி பெற்றவர்கள். யாரும் தேர்ந்தெடுக்காவிட்டால் சுதந்திர ஆட்டக்காரர். எந்த அணியும் நேராகப் பேசலாம். போனை ஆன் செய்து வைத்திருக்கச் சொல்லுங்கள். லைனில் போன் அனுமதி இல்லையென்றால் சூப்பர்வைசரிடம் காரணத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.

உயரமாக வளர்ந்தது மகளா? பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏவில் வெளிநாட்டுப் பெண்ணுக்கு அந்த ஆண்டில் 20 நிறைய வேண்டும். அமெரிக்கப் பெண்ணுக்கு 22, அல்லது கல்லூரிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய அணிக்கே கேப்டன், 2021இல் பத்மஸ்ரீ. மகளுக்காக இந்த மாதிரி வழிகாட்டி தேடி வரும் அப்பாக்கள் குறைவு என்பதால் இந்தப் பத்தியும் குறுகிவிட்டது. அது என் குற்றம் மட்டும் இல்லை.

கடைசியாக, விளையாட்டே இல்லாத ஒரு வேலை. பீரோவைத் திறந்து மகனின் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். பெயர் என்ற இடத்தைப் பாருங்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே ஆஸ்பத்திரியில் பதிவு முடிந்துவிடுவதால் பலருக்கு அது காலியாக இருக்கும். 2023 அக்டோபர் 1இல் அமலுக்கு வந்த பிறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம், அன்று முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த தேதியை நிரூபிக்க இந்தக் காகிதத்தைத்தான் கேட்கிறது. உங்கள் மகன் அதற்கு முன்னால் பிறந்தவன் என்றாலும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் முதலில் கேட்பது இதைத்தான். பதிவான முதல் ஆண்டில் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு இப்போது வயது பதினான்கு. அமெரிக்காவுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. திங்கட்கிழமை ஒரு பெர்மிஷன் போட்டுவிட்டுப் போய் வாருங்கள்.